உருவும் கணமும் உறையிலிடும் கணமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் வழக்கத்தைப் பற்றி எழுதுவோர், அதை ஆதரிப்பவராயினும் எதிர்ப்பவராயினும், பெரும்பாலும் ஒரே ஒரு கணத்தை மனத்தில் வைத்தே வாதிடுகின்றனர். தாக்க வருபவன் எதிரே நிற்க, துப்பாக்கியை உருவலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய கணம் அது. துப்பாக்கியுடன் நடமாடுபவர்களில் மிகப் பலருக்கு அந்தக் கணம் வாழ்நாள் முழுவதும் வருவதே இல்லை. காலையில் இடுப்பில் அணிவது, காரில் ஏறி பெல்ட்டைப் பூட்டுவது, கடையில் குழந்தையைத் தூக்குவது, கழிப்பறைக்குச் செல்வது, இரவில் கழற்றி வைப்பது ஆகிய கணங்களோ ஒவ்வொரு நாளும் தவறாமல் வருகின்றன. உருவும் கணத்துக்காக ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெறும் ஒருவர், உறையிலிடும் கணத்தைப் பற்றி ஒரு மணி நேரம்கூட யோசிக்காமல் இருந்துவிட முடியும் என்பதே இவ்வழக்கத்தின் பெருங்குறையாகும். ஆகவே அந்தச் சாதாரணக் கணங்களையே முதன்மையாக எடுத்துக்கொண்டு, சட்டத்தையும் வரலாற்றையும் அவற்றுக்குத் தேவையான அளவில் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்.

பிறர் கண்ணில் படும்படி இடுப்பில் தொங்கவிட்டுச் செல்வதை 'வெளிப்படத் தரித்தல்' என்றும், சட்டை, மேலங்கி, பை போன்றவற்றால் மூடிச் செல்வதை 'மறைத்துத் தரித்தல்' என்றும் அந்நாட்டுச் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. இவ்விரண்டில் எது கண்ணியமானது என்ற கருத்து இருநூறு ஆண்டுகளில் தலைகீழாக மாறியிருக்கிறது. கென்டக்கியும் லூசியானாவும் 1813-ஆம் ஆண்டிலேயே மறைத்துத் தரிப்பதைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின; நேர்மையானவன் ஆயுதத்தை ஊரறிய அணிவான், வஞ்சம் உள்ளவனே அதை மறைப்பான் என்பது அக்காலத்துப் பொது எண்ணம். இன்றைக்கு நகரத்துக் கடைவீதியில் ஒருவர் துப்பாக்கியை வெளியே தெரியும்படி அணிந்து நடந்தால் மக்கள் அஞ்சி விலகுவார்கள். மறைத்துச் செல்பவரே நாகரிகம் தெரிந்தவராகக் கருதப்படுகிறார். சட்டைக்கு மேல் துப்பாக்கியின் வடிவம் புடைத்துத் தெரிவதற்குத் தரிப்பவர்களிடையே 'பிரிண்டிங்' என்று ஒரு தனிச்சொல்லே வழங்குகிறது. அது நேராமல் பார்த்துக்கொள்வது ஒழுங்கின் பகுதியாக எண்ணப்படுகிறது.

இம்மாற்றத்தைச் சட்ட அளவில் விரைவுபடுத்தியது 1987-ஆம் ஆண்டின் ஃபுளோரிடாச் சட்டம். அதற்கு முன்பு பல மாநிலங்களில் உரிமம் வழங்குவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. ஃபுளோரிடாவோ, வரையறுத்த தகுதிகள் உள்ள ஒருவர் கேட்டால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதித்தது, பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. டெக்ஸஸில் இவ்விவாதத்துக்கு உணர்ச்சி வேகம் தந்தது ஒரு படுகொலை. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரத்தின் லூபிஸ் உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றபோது, பெற்றோருடன் அங்கே உணவருந்திக்கொண்டிருந்த சுசானா ஹப் தம் துப்பாக்கியைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் காரிலேயே வைத்திருந்தார். தாயையும் தந்தையையும் அன்று இழந்த அவர், மறைத்துத் தரிக்கும் உரிமைக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்துப் பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருமானார். டெக்ஸஸ் 1995-இல் உரிமச் சட்டத்தை நிறைவேற்றியது. தனிநபர் ஒருவர் வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை 2008-இல் ஹெல்லர் வழக்கில் ஏற்ற உச்ச நீதிமன்றம், 2022 ஜூன் 23 அன்று புரூன் வழக்கில் அவ்வுரிமை வீட்டுக்கு வெளியேயும் உண்டு என்று தீர்ப்பளித்து, 'தனிப்பட்ட தேவை' ஒன்றை மெய்ப்பிக்குமாறு விண்ணப்பதாரரிடம் கேட்ட நியூயார்க்கின் பழைய விதியை நீக்கியது. உரிமமே இல்லாமல் மறைத்துத் தரிக்க இசையும் மாநிலங்கள் 2024 நிலவரப்படி 29. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உரிமம் தேவையில்லை என்ற சட்டம் பயிற்சியும் தேவையில்லை என்று எவருக்கும் சொல்லவில்லை, ஆயினும் உரிமத்துக்காகவாவது ஒரு நாள் வகுப்பில் அமர்ந்து, பயிற்றுநர் முன்னிலையில் சில தோட்டாக்களைச் சுட்டுக் காட்ட வேண்டியிருந்த கட்டாயம் அதனால் மறைந்துவிட்டது. இது வருந்தத்தக்க இழப்பு.

ஒரு மாநிலம் கொடுத்த உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லும் என்று எண்ணுவது கொடிய தவறாக முடியலாம். ஓட்டுநர் உரிமம் நாடெங்கும் செல்லுவது போலத் துப்பாக்கி உரிமம் செல்லாது. எந்த மாநிலம் எதனுடையதை ஏற்கிறது என்பது தனித்தனி உடன்பாடுகளாலும் சட்டங்களாலும் முடிவாகிறது. 2013-இல் பென்சில்வேனியா உரிமம் பெற்றிருந்த ஓர் இளம் தாய், பாலத்தைக் கடந்து நியூ ஜெர்சிக்குள் சென்று, தம்மை நிறுத்திய காவலரிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமாகவே சொன்னார். பல ஆண்டுச் சிறைத் தண்டனைக்குரிய வழக்கில் சிக்கி, 2015-இல் ஆளுநரின் மன்னிப்பால்தான் முழுமையாக விடுபட்டார். அங்கே வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் பொருந்தினாலன்றி, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை பெற்றவர்களுக்கு அத்தடை இல்லை. உரிமம் தேவைப்படாத மாநிலத்தில் வாழ்கிறோம் என்பதற்காக நண்பரின் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ளும் விசாதாரர், அறியாமலே கடுங்குற்றம் செய்தவராகிறார்.

துப்பாக்கி உண்மையில் எத்தனை பேரைக் காக்கிறது என்ற கேள்விக்கு ஆய்வாளர்களிடையே பெரும் வேறுபாடு நிலவுகிறது. கேரி க்ளெக்கும் மார்க் கெர்ட்சும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஆண்டுக்கு 25 லட்சம் தற்காப்புப் பயன்பாடுகள் என்று மதிப்பிட்டது. குற்றத்துக்கு இலக்கானவர்களிடம் அரசு நடத்தும் தேசியக் கணக்கெடுப்போ ஒரு லட்சத்தை ஒட்டிய அளவையே காட்டுகிறது. கேள்வி கேட்கும் முறையே இத்தனை பெரிய இடைவெளியை உண்டாக்குவதால், எண்ணைக் காட்டி ஒருவரை ஆயுதம் தரிக்கச் சொல்வதும் தரிக்க வேண்டாம் என்பதும் ஒருபோலப் பலவீனமானவை. தரிப்பது என்று முடிவெடுத்துவிட்டவர் அதை எப்படித் தரிக்கிறார் என்பதில் இத்தகைய ஐயம் கிடையாது.

அதை விளங்கிக்கொள்வதற்குக் கருவியின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். இன்று மிகுதியாகத் தரிக்கப்படுவது அரைத்தானியங்கிப் பிஸ்டல். பிடிக்குள் செருகப்படும் 'மேகசின்' என்னும் பெட்டியில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். குழலின் பின்முனையில் ஒரே ஒரு தோட்டா தங்கும் இடம் 'சேம்பர்' எனப்படும். மேற்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் 'ஸ்லைடு', சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு மேகசினிலிருந்து அடுத்ததைச் சேம்பருக்குள் தள்ளும். மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்புவதே பல பேரிழப்புகளுக்கு வித்து, ஏனெனில் சேம்பரில் தங்கியிருக்கும் தோட்டா அப்படியே இருக்கும், பல மாதிரிகளில் மேகசின் இல்லாமலேயே வெடிக்கவும் செய்யும். காலி செய்யும் வரிசையும் மாறக்கூடாது: முதலில் மேகசின், அதன்பின் ஸ்லைடு. ஸ்லைடை முதலில் இழுத்து உள்ளிருந்த தோட்டாவை வெளியேற்றிவிட்டுப் பிறகு மேகசினை எடுப்பவர், ஸ்லைடு முன்னே ஓடும்போது புதிய தோட்டா ஒன்று சேம்பருக்குள் ஏறிவிட்டதை அறியாமலே காலித் துப்பாக்கி என்று அதை மேசைமேல் வைக்கிறார். கண்ணால் பார்த்தபின் சுண்டுவிரல் நுனியைச் சேம்பருக்குள் விட்டுத் தொட்டுப் பார்ப்பது நல்ல பயிற்றுநர்கள் பழக்கும் வழக்கம். இருட்டிலும் களைப்பிலும் கண்ணைவிட விரல் உண்மை சொல்லும்.

2004-இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில், சிறுவர்கள் நிறைந்த அறையில் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவர், காலியாக இருக்கிறது என்று காட்டிய தம் துப்பாக்கியாலேயே தம் தொடையில் சுட்டுக்கொண்டார். பல்லாண்டுப் பணி அனுபவம் அவரைக் காக்கவில்லை. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரப்பப்பட்டதே என்று கொள்ள வேண்டும், அழிக்க மனம் ஒப்பாத எதன்மீதும் குழல்வாய் படக்கூடாது, குறி இலக்கில் பதியும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், இலக்கு எது என்றும் அதற்குப் பின்னே என்ன இருக்கிறது என்றும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் நான்கு விதிகளை இன்றுள்ள வடிவில் பரப்பியவர் ஜெஃப் கூப்பர். கடற்படைக் காலாட்படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்த அவர் 1976-இல் அரிசோனாவில் கன்சைட் பயிற்சிப் பள்ளியை நிறுவியவர். அவருடைய விதிகளின் சிறப்பு, ஒன்று தவறினாலும் மற்றொன்று உயிரைக் காக்கும்படி அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதாகும். காலி என்று எண்ணியதில் பிழை நேர்ந்தாலும் குழல் தரையை நோக்கியிருந்தால் சிதறுவது தரைதான். அந்த அதிகாரியின் அறையில் ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் ஒரே நொடியில் உடைந்தன.

சேம்பரில் தோட்டாவுடன் தரிப்பதா, சேம்பரைக் காலியாக விட்டுத் தரிப்பதா என்பது புதியவர்களை மிகவும் அலைக்கழிக்கும் கேள்வி. அமெரிக்கப் பயிற்றுநர்களில் பெரும்பாலோர் சேம்பரில் தோட்டா இருக்க வேண்டும் என்பர். தாக்குபவனைத் தடுக்க ஒரு கை வேண்டியிருக்கும்போது ஸ்லைடை இழுக்க மற்றொரு கை கிடைக்காது என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அந்நிலையில் விசைக்கும் வெடிப்புக்கும் இடையே எஞ்சுவது மிகச் சிறிது. 1980-களில் ஆஸ்திரியாவிலிருந்து வந்து உலகெங்கும் பரவிய க்ளாக் வகைப் பிஸ்டல்களில் கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் வெளிப்புறப் பூட்டு இல்லை. கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் பூட்டுகள் உள்ளே இருக்கின்றன, ஆனால் விசை அழுத்தப்பட்டால் அவை எல்லாம் ஒருசேர விலகிவிடும். விசையை அழுத்துவது விரலா, சட்டை நுனியா என்று கருவிக்குத் தெரியாது. ஆகவே இந்த வகைத் துப்பாக்கிக்கு உறையே முதன்மையான பாதுகாப்புப் பூட்டு. சேம்பரில் தோட்டாவுடன் நடக்க இன்னும் மனம் துணியாதவர், பிறர் கேலிக்கு அஞ்சித் துணிய வேண்டியதில்லை. காலிச் சேம்பருடன் சில வாரங்கள் வீட்டில் அணிந்து பழகி, நாள்முடிவில் விசை எப்போதேனும் அழுந்தியதா என்று சோதித்துப் பார்த்து, உறையின்மேல் நம்பிக்கை வந்தபின் மாறிக்கொள்வது முறையான வழி.

உறையே இல்லாமல் இடுப்பில் செருகிக்கொள்வதன் விளைவை 2008 நவம்பரில் நாடே பார்த்தது. சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் வெற்றிப் புள்ளியை எடுத்துப் பெயர் பெற்றிருந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பர்ரஸ், நியூயார்க் இரவு விடுதியொன்றுக்குச் செல்லும்போது க்ளாக் பிஸ்டலைக் கால்சட்டையின் இடுப்பில் வெறுமனே செருகியிருந்தார். அது கால்வழியே நழுவ, பதறிப் பிடித்த கை விசையில் பட்டுக் குண்டு தொடையைத் துளைத்தது. நியூயார்க்கில் செல்லத்தக்க உரிமமும் இல்லாததால் அவர் 20 மாதங்கள் சிறையில் இருந்தார். நழுவும் பொருளைக் கை தானாகவே பாய்ந்து பிடிக்கும். சமையலறையில் தவறிவிழும் கத்தியைப் பிடிக்கப் பாயும் அதே கை அது. துப்பாக்கி கீழே விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடும் பழக்கத்தைப் பயிற்சியால்தான் உண்டாக்கிக்கொள்ள முடியும். நவீனத் துப்பாக்கிகள் விழுவதைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டவை, பிடிக்கப் பாயும் விரலைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டவை அல்ல.

நல்ல உறைக்கு மூன்று இலக்கணங்கள் சொல்லலாம். விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் முழுமையாக மூடி, வெளியிலிருந்து அழுத்தினாலும் விசை அசையாதபடி கடினமாக இருக்க வேண்டும். ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கி தானாக வெளியேறாதபடி கவ்விப் பிடிக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்தபின் அதன் வாய் மடங்காமல் திறந்தபடியே நிற்க வேண்டும். கைடெக்ஸ் என்னும் வெப்பத்தால் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக்கில் குறிப்பிட்ட மாதிரிக்கென்றே செய்யப்படும் உறைகள் இம்மூன்றையும் நிறைவு செய்கின்றன. பல ஆண்டுகள் வியர்வையில் ஊறித் தளர்ந்த தோலுறையின் விளிம்பு உள்ளே மடிந்து, துப்பாக்கியைத் தள்ளிச் செருகும்போது அந்த மடிப்பே விரலைப்போல விசையை அழுத்தியதுண்டு. எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் துணியுறைகளை நம்பக்கூடாது. உறையோடு சேர்ந்து பெல்ட்டும் முக்கியம். சாதாரண பெல்ட் தொய்ந்தால் ஒரு கிலோவை நெருங்கும் பாரம் நாள்முழுதும் சரிந்துகொண்டே இருக்கும், சரிவதைச் சரிசெய்யக் கை அடிக்கடி அங்கே போகும், கை போகும் இடத்தைப் பிறர் கண்ணும் பார்க்கும்.

இனி உறையிலிடும் கணம். உருவுவதற்கு அவசரம் இருக்கக்கூடும். திரும்ப உறையிலிடுவதற்கு எந்த அவசரமும் எப்போதும் இல்லை. குளிர்மேலங்கியின் ஓரத்தில் இழுத்துக் கட்டும் கயிறும் அதன் முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் குமிழும் பார்ப்பதற்கு எவ்வளவு எளியவை. அந்தக் குமிழ் உறையின் வாய்க்குள் தொங்கிக்கொண்டிருக்க, மேலிருந்து துப்பாக்கி இறங்கும்போது விசை வளையத்துக்குள் அது புகுந்துகொள்கிறது. இன்னும் சற்று அழுத்தினால் கீழே போவது துப்பாக்கி, பின்னே வருவது விசை. சட்டையின் கீழ்நுனி, பெல்ட்டின் மிகுதி, மடிந்த பனியன் ஆகியவையும் இதையே செய்யும். இடுப்பின் முன்புறத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் தரிக்கும் முறை இப்போது பெருவழக்காகியிருக்கிறது. அம்முறையில் குழல்வாய் தொடையின் பெருந்தமனியையும் அடிவயிற்றையும் நோக்கியே இருப்பதால், குண்டு பாய்ந்தால் சில நிமிடங்களில் இரத்தம் வடிந்து உயிர் போகலாம். எனவே இடது கையால் சட்டையை மார்புவரை உயர்த்திப் பிடித்து, இடுப்பைச் சற்று முன்னே தள்ளி உடலைப் பின்னே சாய்த்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் நேராக நீட்டிவைத்து, மெல்ல இறக்க வேண்டும். சிறு தடை தென்பட்டாலும் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். அன்றாடம் அணிவதற்கு இதைவிடச் சிறந்த வழி, துப்பாக்கியை உறைக்குள் இட்டபின் உறையோடு சேர்த்தே இடுப்பில் அணிந்து, கழற்றும்போதும் உறையோடு சேர்த்தே கழற்றுவது. கை படும் தடவைகள் குறையக் குறைய விபத்துக்கான வாய்ப்பும் குறையும்.

கழிப்பறை இவ்வழக்கத்தின் மிக அடக்கமான சோதனைக் களம். கால்சட்டையைத் தளர்த்தியதும் துப்பாக்கியின் பாரம் அதைக் கவிழ்க்கப் பார்க்கும். தண்ணீர்த் தொட்டியின் மேலோ கதவுக் கொக்கியிலோ வைத்துவிடலாம் என்று தோன்றும். அங்கே வைத்தவர் எழுந்து கைகழுவி வெளியே வந்துவிடுவார், துப்பாக்கி உள்ளேயே இருக்கும். வாஷிங்டனில் நாடாளுமன்ற வளாகக் காவலர்களே தம் துப்பாக்கிகளைக் கழிப்பறைகளில் மறந்து விட்டுச்சென்ற செய்திகள் 2015-இல் வெளிவந்தன. உறையிலிருந்து எடுக்காமல், உறையோடு கால்சட்டையின் மடிப்புக்குள்ளேயே, முழங்கால்களுக்கு இடையே கண்ணெதிரில் இருத்திக்கொள்வதே மறதிக்கு இடமில்லாத வழி. மறதி எத்தனை பொதுவானது என்பதற்கு விமான நிலையச் சோதனைச் சாவடிகள் சான்று: 2023-ஆம் ஆண்டில் மட்டும் பயணிகளின் கைப்பைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, அவற்றில் ஏறத்தாழ 93 விழுக்காடு நிரப்பப்பட்டவை. பிடிபட்டவர்களில் பலர் சொல்லும் விளக்கம், பையில் அது இருப்பதையே மறந்துவிட்டோம் என்பது.

கைப்பையில் துப்பாக்கி வைப்பதைப் பற்றித் தயக்கமின்றி ஒன்றைச் சொல்லலாம்: சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது கூடாது. பை உடலை விட்டுப் பிரியும், வண்டியில் வைக்கப்படும், நாற்காலியில் மாட்டப்படும், மிட்டாய் தேடும் பிஞ்சுக் கை அதற்குள் நுழையும். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹெய்டன் ஊரில், பேரங்காடியின் தள்ளுவண்டியில் அமர்ந்திருந்த இரண்டு வயதுச் சிறுவன் தாயின் பைக்குள் கைவிட்டான். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைக்கப்பட்டு, கிறிஸ்துமஸ் பரிசாக வந்த பை அது. 29 வயதான அந்தத் தாய், அணு ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய விஞ்ஞானி, துப்பாக்கி பயன்படுத்தத் தெரிந்தவர், உரிமம் பெற்றவர். மகன் கையிலிருந்து புறப்பட்ட ஒரே குண்டில் அவர் அங்கேயே இறந்தார். சுடும் திறனில் அவரிடம் எந்தக் குறையும் காண முடியாது. துப்பாக்கி அவர் உடலில் இல்லாமல், கையெட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவே.

உருவும் கணத்தைப் பற்றி அதற்குரிய அளவில் சொல்ல வேண்டியதும் உண்டு. சால்ட் லேக் சிட்டி காவல் துறைச் சார்ஜன்ட் டென்னிஸ் டியூலர் 1983-இல் எழுதிய கட்டுரையில், கத்தி ஏந்தி ஓடிவரும் ஒருவன் 21 அடித் தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்றும், பயிற்சி பெற்றவர் உறையிலிருந்து எடுத்துச் சுடுவதற்கும் அவ்வளவு நேரமே ஆகும் என்றும் காட்டினார். இதை 21 அடிக்குள் வந்தவரை எல்லாம் சுடலாம் என்ற உரிமையாகத் திரித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர் எழுதியது, ஆபத்தைத் தொலைவிலேயே உணர்ந்து விலகவும் மறைவிடம் தேடவும் வேண்டும் என்பதற்காக. சட்டமும் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. உயிருக்கோ பெருங்காயத்துக்கோ உடனடி ஆபத்து இருந்ததா, சண்டையைத் தொடங்கியவர் யார், எதிர்த்தாக்குதல் ஆபத்தின் அளவுக்கு ஒத்திருந்ததா, நியாயமான ஒருவர் அந்நிலையில் அவ்வாறே எண்ணியிருப்பாரா என்றெல்லாம் நடுவர் குழு அமைதியான அறையில் அமர்ந்து ஆராயும். ஃபுளோரிடா 2005-இல் இயற்றியது போன்ற 'பின்வாங்கத் தேவையில்லை' சட்டம் பல மாநிலங்களில் உண்டு; வேறு சிலவற்றில், பாதுகாப்பாக விலக முடிந்தால் விலகியே ஆக வேண்டும். எந்த மாநிலமாயினும், காரை நிறுத்தும் இடத்துக்கான வாக்குவாதத்தில் சட்டையைத் தூக்கித் துப்பாக்கியைக் காட்டுபவர் குற்றவாளியாகிறார். ஆயுதம் தரித்தவர், ஆயுதம் இல்லாதவரைவிட அதிக வசைகளைப் பொறுத்துக்கொண்டு நடந்துபோகக் கடமைப்பட்டவர்.

திரைப்படங்களில் வழக்கமாகக் காணும், வானத்தை நோக்கிச் சுட்டு எச்சரிக்கும் செயல் நான்காம் விதியின் நேரடி மீறல். 1999 ஜூனில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் தன் வீட்டுப் பின்முற்றத்தில் இருந்த 14 வயதுச் சிறுமி, யாரோ வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு இறங்கித் தலையில் பாய்ந்து இறந்தாள். அடுத்த ஆண்டே நகர எல்லைக்குள் கவனமின்றிச் சுடுவது அம்மாநிலத்தில் கடுங்குற்றமாக்கப்பட்டது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகையால் ஆனவை என்பதால் கைத்துப்பாக்கிக் குண்டு ஒரு சுவரையும் அதற்கடுத்த சுவரையும் ஊடுருவிச் செல்லும். தற்காப்புக்கு நுனி குழிந்த தோட்டாக்கள் பரிந்துரைக்கப்படுவதற்கு ஒரு காரணம், அவை உடலுக்குள் விரிந்து நின்றுவிடுவதால் பின்னால் நிற்பவர்மீது பாயும் வாய்ப்பு குறைவு என்பதே. குறி தவறிய குண்டுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

2022 ஜூலை 17 அன்று இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில், மூவரைக் கொன்றுவிட்டு மேலும் சுட்டுக்கொண்டிருந்தவனை, 22 வயது இளைஞர் ஒருவர் மறைத்துத் தரித்திருந்த பிஸ்டலால் 15 நொடிகளுக்குள் வீழ்த்தினார். உரிமமின்றித் தரிக்க இசையும் சட்டம் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்து அப்போது 16 நாட்களே ஆகியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் கொலராடோவின் ஆர்வாடாவில், காவலர் ஒருவரைக் கொன்றவனை இதேபோலச் சுட்டு வீழ்த்திய ஒருவரை, அடுத்து வந்த காவலர் கொலைகாரன் என்று கருதிச் சுட்டுக் கொன்றார். இரண்டும் நடந்தவை, இரண்டையும் ஒருசேர நினைவில் வைப்பவரே நேர்மையாகச் சிந்திப்பவர். சீருடை அணியாதவர் கையில் துப்பாக்கி இருந்தால், ஓடிவரும் காவலருக்கு அவர் யாரென்று தெரியாது. ஆபத்து நீங்கிய உடனே துப்பாக்கியை உறையிலிட்டு, கைகளை வெளியே காட்டி, தம் உடையின் நிறத்தைச் சொல்லி அவசர எண்ணை அழைப்பது இதனால்தான் கற்பிக்கப்படுகிறது. சாலையில் காவலர் காரை நிறுத்தும்போதும் கைகள் ஸ்டியரிங்கின்மேல் தெரியும்படி இருக்க வேண்டும். ஆயினும் விதிகளைப் பின்பற்றியவர் எல்லோரும் ஒரேபோல நடத்தப்படுவதில்லை: 2016 ஜூலை 6 அன்று மின்னசோட்டாவில் கறுப்பினத்தவரான ஃபிலாண்டோ காஸ்டில், உரிமம் பெற்ற தம் துப்பாக்கியைப் பற்றிக் காவலரிடம் பணிவாகத் தெரிவித்த சில நொடிகளில் காருக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார், சுட்ட காவலர் அடுத்த ஆண்டு குற்றவாளியல்லர் என்று விடுவிக்கப்பட்டார். பழுப்பு நிறத்தவரான குடியேறிகள் ஆயுதம் தரிக்க எண்ணும்போது இந்நிகழ்வைத் தவிர்த்துவிட்டு யோசிக்க முடியாது.

நாள் முடிந்து வீடு திரும்பியபின், தலையணைக்கடியிலும் கட்டில்பக்க மேசையிலும் துப்பாக்கி வைப்பது இன்னும் பரவலாக உள்ளது. படுக்கையருகே வேண்டும் என்பவர்க்கு, எண்களை அழுத்தியோ கைரேகையாலோ இரண்டு மூன்று நொடிகளில் திறக்கும் சிறு இரும்புப் பெட்டிகள் கிடைக்கின்றன. காரின் கையுறைப் பெட்டி பெட்டகம் அல்ல. கண்ணாடியை உடைத்தால் கைக்கெட்டும் அந்த இடத்திலிருந்து திருடுபோகும் துப்பாக்கி மற்றொருவர் மீதான குற்றத்தில் போய் முடியலாம். குண்டில்லாமல் விசையை அழுத்திப் பழகும் வெற்றுப் பயிற்சியை இரவில் செய்பவர்கள், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துக் கதவை மூடிவிட்டே தொடங்க வேண்டும். பயிற்சி முடிந்து தோட்டாவை நிரப்பியபின் இன்னும் ஒரே ஒரு முறை என்று விசையை அழுத்தியவர்கள் சுவரையும் தொலைக்காட்சியையும் துளைத்திருக்கிறார்கள்.

பூட்டுவதன் அவசியம் குழந்தைகளோடும் திருடர்களோடும் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 20,958 பேர் கொலையுண்டவர்கள், 26,328 பேர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டவர்கள். தற்காப்புக்கென வாங்கிய துப்பாக்கி அந்நியனைச் சந்திப்பதற்கு முன்பே, வீட்டிலுள்ள ஒருவரின் மிக இருண்ட இரவைச் சந்தித்துவிடுகிறது. துப்பாக்கியால் உயிர்விட முயன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் இறந்துவிடுகின்றனர். வேறு வழிகளில் முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. எண்ணம் எழுவதற்கும் அது தணிவதற்கும் இடையிலுள்ள நேரம் மிகக் குறுகியது என்பதால், அந்நேரத்தில் கருவி கைக்கெட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காத்துவிடுகிறது. 2009-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே கடையில் ஒரு வாரத்துக்குள் துப்பாக்கி வாங்கிய மூவர், வாங்கிய சில மணி நேரத்தில் அதனாலேயே உயிரை மாய்த்துக்கொண்டனர். அதை அறிந்து அதிர்ந்த கடைக்காரர் பொதுச் சுகாதார ஆய்வாளர்களோடு சேர்ந்து, மனமுடைந்து வரும் வாடிக்கையாளரை அடையாளம் காணவும் விற்பனையைத் தள்ளிப்போடவும் பிற கடைக்காரர்களுக்குக் கற்பிக்கும் முயற்சியைத் தொடங்கினார். துப்பாக்கி உரிமையை உயர்த்திப் பிடிப்பவர்களும் அதை அஞ்சுபவர்களும் ஒன்றாக அமர்ந்து செய்த நற்பணிகளில் இதற்கே முதலிடம் தர வேண்டும்.

வீட்டில் துப்பாக்கி உள்ளவர்கள், குடும்பத்தில் எவரேனும் வேலையிழந்தோ, மணமுறிவாலோ, நோயாலோ துவண்டிருக்கும் காலத்தில், அந்தத் துப்பாக்கியை நம்பகமான ஓர் இடத்தில், வீட்டுக்கு வெளியே, சில மாதங்களுக்கு ஒப்படைத்து வைக்க வேண்டும். துவண்டிருப்பவர் தாமே என்றால் பெட்டியின் சாவியை நண்பர் ஒருவரிடம் இன்றே கொடுத்துவிட வேண்டும். அமெரிக்காவில் இரவு பகல் எந்நேரத்திலும் மனநெருக்கடிக்கு உதவி கேட்டு அழைக்க வேண்டிய எண் 988.